கொங்கு நாட்டுத் தோட்டத்துத் திருமணம்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூடிய காலம் கூதிர் எனப் பெயர் பெறும். புரட்டாசி கழிந்து, வாடையின் முதற்குளிர் படர்ந்து, கிணற்றில் நீர் ஏறி நிற்கும் அப்பருவத்தில், நம் முன்னோர் தம் தோட்டத்து வீட்டு முற்றத்திலேயே பந்தலிட்டு மக்களுக்கு மணஞ்செய்வித்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க எண்ணினோம். சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மையில் எம்மிடம், ‘மண்டபத்தை விடுத்து வீட்டிலேயே கலியாணம் நடத்த விரும்புகிறோம், பழைய முறை யாது?’ என்று வினவினர். வினவியவர் பெரும்பாலும் இளைஞர் என்பது எமக்கு மகிழ்ச்சி தந்தது. ஆயினும் பழைய முறையென்பது வாழைமரமும் மாவிலைத் தோரணமும் மாத்திரமன்று. அதனுள் போற்றத் தக்கனவும் உள, நாணத் தக்கனவும் உள. இரண்டையும் மறையாது கூறுதலே வரலாறு எழுதுவோர் கடன்.

முதற்கண், இல்லத்தில் மணஞ்செய்தல் எத்துணைப் பழைமையுடையது என்பதை நோக்குவோம். சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய அகநானூற்றில் இரண்டு பாட்டுக்கள் திருமண நிகழ்ச்சியை விரித்துரைக்கின்றன. எண்பத்தாறாம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. நூற்று முப்பத்தாறாம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. முன்னதில், வரிசையாகக் கால் நட்ட பெரும்பந்தலின் கீழ்ப் புதுமணல் பரப்பி, மனைவிளக்கு ஏற்றி, மாலைகள் தொங்கவிட்டு, உழுந்து கலந்த சோற்றை வந்தோர்க்கு இடையறாது வழங்குகின்றனர். திங்கள் உரோகிணியொடு கூடிய நன்னாளின் விடியற்போதில், மக்களைப் பெற்ற மங்கலமகளிர் நால்வர் கூடி நின்று, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலைமேற் சொரிந்து வாழ்த்துகின்றனர். அவ்விரு பாட்டுக்களிலும் தீவலம் வருதல் இல்லை. மந்திரம் ஓதுவாரும் இல்லர். சிலப்பதிகாரத்துக்கு வரும்போதோ, புகார் நகரத்துப் பெருவணிகர் இல்லத்தில் முதுபார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். ஆதலின் தமிழ்நாட்டில் இருவகை மணமுறைகளும் நெடுங்காலமாகவே வழங்கி வந்தன என்பது தெளிவு. அவற்றுள் ஒன்றைத் தமிழுக்குப் புறம்பானதென்று தள்ளுவதும், மற்றொன்றை நாகரிகமற்றதென்று இகழ்வதும் வரலாறு அறியாதார் செயல்.

நாம் இங்கே கருத வேண்டுவது ஒன்று. அகநானூற்றுப் பாட்டில் வாழ்த்துரைக்கும் உரிமை அம்மகளிர்க்கு எதனால் வந்தது? கல்வியாலன்று, செல்வத்தாலன்று, இல்லறத்தை நடத்திக் காட்டியதனால் வந்தது. இக்கருத்தே கொங்கு நாட்டு மணமுறையில் அருமைக்காரர் என்னும் பெயரோடு நின்று நிலவிற்று.

நிற்க. நம் நாட்டின் நிலத்தியல்பை ஒருவாறு அறிந்தாலன்றி இத்திருமணத்தின் உருவம் விளங்காது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி மானாவாரிப் பூமியும் கிணற்றுப் பாசனத் தோட்டமுமே. சமவெளிப் பகுதிகளில் ஆண்டு மழை பெரும்பாலும் 700 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரி அணை முதலியவற்றின் பாசனம் பெற்ற ஊர்களில் நெல் விளைந்தது; ஏனைய ஊர்களில் கம்பும் சோளமும் ராகியுமே நாட்கூழாகவும் களியாகவும் சோறாகவும் பயன்பட்டன. குடியானவர் பலர் ஊர் நடுவே நெருங்கி வாழாமல், தத்தம் நிலத்திலேயே சாளை அமைத்து, கட்டுத்தரையும் களமும் கிணறும் அருகிருக்க வாழ்ந்தனர். ஒரு தோட்டத்திற்கும் அடுத்த தோட்டத்திற்கும் இடையே கிழுவை வேலியும் இட்டேரியும் கிடக்கும். இத்தகைய வாழ்க்கையில் மணவீடு என்றால் உழவன் வீடே. மணமேடை என்றால் அவன் வாசலே. வேறிடம் தேட வேண்டிய நினைவே அவர்க்கு எழுந்ததில்லை.

ஆடிப்பட்டத்தில் விதைத்த கம்பும் நிலக்கடலையும் ஐப்பசியையொட்டி வீடு வந்து சேரும். களத்தில் தானியமும் கையிற் சிறிது பொருளும் உண்டாகும். ஆடியிலும் புரட்டாசியிலும் மணஞ்செய்யும் வழக்கம் இல்லாமையாலும், மார்கழியும் விலக்கப்பட்டமையாலும், இடைப்பட்ட ஐப்பசி கார்த்திகைகளில் முகூர்த்தங்கள் நெருங்கி விழும். தை முதல் வைகாசி வரையிலும் கலியாணங்கள் மிகுதியே. ஆனால் கூதிர்க்காலத்துக் கலியாணத்திற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அது மழை. வடகிழக்குப் பருவக்காற்று நமக்கு மழை தருவதும் அப்பொழுதே. தென்னங்கீற்றுப் பந்தல் ஒரு நாழிகைத் தூறலைத் தாங்கும்; ஓர் இரவு மழையைத் தாங்காது. ஆதலால் கட்டுத்தரையிலிருந்து மாடுகளை அவிழ்த்துப் பங்காளி தோட்டத்திற்கு அனுப்பிவிட்டு, தரையைப் பெருக்கிச் சாணமிட்டு மெழுகி, விருந்தினர் படுக்கவும் உண்ணவும் அவ்விடத்தை ஒதுக்குவர். மழை வந்தால் எவரும் முகஞ்சுளியார். மானாவாரிக் காட்டை நம்பி வாழ்ந்தவர்க்கு மழை அழையாமல் வந்த முதல் விருந்தாளி.

இனி மணத்திற்கு முன் நடைபெறும் வேலைகளைக் காண்போம். நெல்லைப் பாசன ஊர்களிலிருந்து வண்டியிற் கொணர்ந்து, வாரக்கணக்கில் உரலிலிட்டுக் குத்துவர். பங்காளி வீட்டுப் பெண்டிரும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்டிரும் முறைவைத்து வந்து குத்தினர். அவர் வீட்டிற் கலியாணம் வருங்கால் இவர்கள் சென்று குத்தினர். பருப்பு உடைத்தல், மஞ்சள் இடித்தல், கச்சாயத்திற்கு மாவிடித்தல், ஆட்டுக்கல்லில் அரைத்தல் ஆகிய எல்லாம் அவ்வாறே. ஆடவர் பந்தற்கால் வெட்டி, கீற்று முடைந்து, விறகு பிளந்து, கிணற்றிலிருந்து நீர் இறைத்து நிரப்பினர். ஆண்டு முழுவதும் கம்பங்கூழ் குடித்த குடும்பத்திற்கு அன்று நெய்யூற்றிய நெல்லுச்சோறு கிடைத்தது. பழைய நாளிற் பிள்ளைகள் கலியாணத்தை எதிர்நோக்கியிருந்ததன் காரணத்தை இதற்கு மேல் விளக்க வேண்டுவதில்லை. செலவிற்கு உதவியது மொய். யார் எவ்வளவு வைத்தார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, அவர் இல்லத்து மணத்தில் திருப்பிச் செலுத்துவர். இஃது ஈகையன்று, கடனுமன்று. ஒருவர் சுமையைப் பலர் தோள் மாற்றிச் சுமக்கும் ஏற்பாடு.

மணவினைகளைச் சீர் என்றே நம்மவர் அழைப்பர். பழைய நாளில் அவை மூன்று நாள் நடந்தன. அவற்றை முன்னின்று நடத்தியவர் அருமைக்காரர். அருமைப் பெரியவர் என்றும் கூறுவர். அவர் புரோகிதரல்லர். நம்மைப் போலவே ஏர் பிடித்து உழும் குடும்பத் தலைவர். இல்லறத்தில் நின்று, மக்கட்பேறு பெற்று, அதற்குரிய சீரும் செய்துகொண்டவர். பெண்டிருள் அத்தகுதி பெற்றவர் அருமைக்காரி எனப்பட்டார். பாலுள்ள மரத்தினின்று கவர்விட்ட கொம்பை வெட்டிக் கொணர்ந்து முகூர்த்தக்காலாக நடுவது முதல், திருப்பூட்டு முடிந்து மணமக்கள் வீடு புகுவது வரை, ஒவ்வொரு சீரும் இவர்தம் கையாலும் சொல்லாலும் நடைபெறும். காலையில் மாட்டிற்குத் தீனி போட்ட கை, மதியம் மணமகன் நெற்றியில் திருநீறு பூசிற்று.

சீர்களுள் இரண்டை மாத்திரம் ஈண்டுக் கூறுவோம். ஒன்று நாட்டுக்கல் சீர். கொங்கு நாடு இருபத்து நான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்ததென்பது மரபு. மணமகன் தன் நாட்டைக் குறிக்கும் கல்லின்முன் சென்று வணங்கிய பின்னரே மணவறைக்கு வருவான். தன் மணம் தன் வீட்டுச் செய்தி மாத்திரமன்று, நாட்டாரும் அறிந்து ஒப்ப வேண்டிய செய்தி என்பது அதன் பொருள். பதிவு அலுவலகம் இல்லாத காலத்தில் அக்கல்லே பதிவேடு.

மற்றொன்று இணைச்சீர். மணமகனும் அவன் உடன்பிறந்தாளும் இணையாக நிற்க, இருவரையும் ஒரு துகிலால் இணைத்துச் செய்வது. அவள் கையில் மணமகளுக்குரிய கூறைப்புடவை வைத்த பேழைமூடி இருக்கும். மணமானதும் உடன்பிறந்தாளை மறந்துவிடாதே, அவள் பிள்ளைகளுக்கும் உன் பிள்ளைகளுக்கும் உறவு தொடரவேண்டும் என்று ஊரார் முன் உறுதி வாங்குவதாகவே பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லாத காலத்தில், பிறந்த வீட்டின்மேல் அவளுக்கிருந்த உரிமையை ஊர் நினைவூட்டிய இடம் இதுவே. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை வந்தது. இணைச்சீரை இன்றும் விடாது செய்யும் குடும்பங்கள், துகிலால் இணைத்த உறவைப் பத்திரத்தாலும் இணைத்திருக்கின்றனவா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வது நன்று.

இவற்றிற்கெல்லாம் மணிமுடியாக விளங்குவது மங்கல வாழ்த்து. கம்பர் இயற்றியதென்று மரபு கூறும் அப்பாட்டு, மணச் சீர்களையெல்லாம் வரிசையாக எடுத்துரைப்பது. அதனைப் பாடுவோர் நம் குலத்தாரல்லர். குடிமகன் என்று நாம் அழைத்த நாவிதர். ஏடு பாராமல், தந்தையிடம் கேட்டு மகன் மனனஞ்செய்து, தலைமுறை தலைமுறையாக அவர்கள் அப்பாட்டைக் காத்தனர். நம் மணமுறையின் வரலாறு நம் நாவில் இல்லை. அவர் நாவில் இருந்தது. இதனை நம்மவர் மறத்தலாகாது.

இவ்விடத்தில் எம் எழுத்துச் சிறிது தயங்குகின்றது. எனினும் கூறவே வேண்டும். தோட்டத்து மணம் நம் குலத்தார் கையால் மாத்திரம் ஆனதன்று. குயவர் பானையும் கலமும் கொணர்ந்தார். வண்ணார் நடைபாவாடை விரித்தார். மாற்றுத் துணி தந்தார். தச்சரும் கொல்லரும் தத்தம் பணி செய்தனர். பொற்கொல்லர் தாலி செய்தார். மாதாரிகளும் பறையடிப்போரும் விறகு சுமந்தும், பந்தம் பிடித்தும், முழக்கியும் உழைத்தனர். இவர்களுக்குக் களத்தில் அளந்து கொடுக்கும் தானியமும், மணத்தின்போது வெற்றிலை பாக்கு, அரிசி, துணி ஆகிய மரியாதைகளும் உண்டு. ஒவ்வொருவர்க்கும் மணத்தில் ஓர் இடம் உண்டு. ஆனால் அவ்விடம் பிறப்பால் வரையறுக்கப்பட்டது. வாழ்த்துப் பாடியவர் பந்தியில் நம்மோடு அமரவில்லை. விறகு சுமந்தவர் பந்தலுக்கு வெளியே நின்று கடைசியாகச் சோறு வாங்கினார். எல்லார் கையும் பட்டு ஆன விருந்தில் எல்லார் இலையும் ஒரு வரிசையில் விழவில்லை. காங்கேயத்தை அடுத்த ஓர் ஊரில் 1964 முதல் 1966 வரை தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் என்னும் அம்மையார், 1972-இல் வெளியிட்ட நூலில் இவ்வரிசை வேற்றுமைகளை விரிவாக எழுதியிருக்கின்றார். பிறர் எழுதி நாம் அறிவதினும், நாமே உணர்ந்து கூறுதல் மேன்மை.

மற்றொரு குறையும் உண்டு. இல்லறம் நடத்தியவரே வாழ்த்துக்கு உரியர் என்ற அழகிய கொள்கை, கணவனை இழந்தவரையும் மகப்பேறு இல்லாதவரையும் பந்தலின் ஓரத்திற்குத் தள்ளிற்று. பெற்று வளர்த்த தாயே, கைம்மை எய்தினாள் என்ற ஒரே காரணத்தால், தன் மகளின் திருப்பூட்டைக் கதவிடுக்கின் வழியே கண்ட இல்லங்கள் நம்மிடையே இருந்தன. அரிசி குத்தும்போது விலக்கப்படாத கை, அரிசி தூவும்போது விலக்கப்பட்டது.

இம்மணமுறை வீட்டை விட்டு நீங்கியது எவ்வாறு? ஒரு நாளில் நீங்கவில்லை. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோவை வட்டாரத்தில் ஆலைகளும் கிணற்று மின்பொறிகளும் பெருகின. கவலை இறைத்தல் படிப்படியாக மறைந்தது. 1950-களில் கீழ்பவானித் திட்டம் நிறைவேறவே, புன்செய்க் காடுகள் பலவற்றிற்கு வாய்க்கால் நீர் வந்தது. நெல்லுச்சோறு அருமை நீங்கிற்று. பேருந்து ஓடியது, உறவு விரிந்தது, இருநூறு பேர் வந்த வாசலுக்கு இரண்டாயிரம் பேர் வந்தனர். ஆண்டுத் தானியத்திற்கு உழைத்தவர்தம் மக்கள் படித்தனர், ஆலைக்குச் சென்றனர். பிறப்பால் வந்த பணியை விடுத்தனர். அவர்கள் விடுத்தது நியாயமே. ஆனால் அவர்கள் விடுத்த வேலையை நாம் நம் கையால் எடுத்துச் செய்யவில்லை. கூலி கொடுத்து வாங்கினோம். சமையல் ஒருவர்க்கு, பந்தல் ஒருவர்க்கு, மேளம் ஒருவர்க்கு என்று பிரித்து விட்டபின், மணவீட்டார்க்குச் செய்ய எஞ்சியது வாயிலில் நின்று வணங்குதலே. மண்டபம் வீட்டை வெல்லவில்லை. கூட்டுழைப்பு ஒழிந்த வெற்றிடத்தில் அது வந்து அமர்ந்தது.

அருமைக்காரர் நடத்தும் மணம் சட்டப்படி செல்லுமோ என்று ஐயுறுவாரும் உளர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, மணமக்களுள் எவரேனும் ஒருவரின் வழக்கப்படியான சடங்குகளால் மணம் நடைபெறலாம் என்று கூறுகின்றது. 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய திருத்தம், சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களுக்கும் சட்ட ஏற்பு அளித்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடைபெறும் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். ஆகவே வீட்டில் மணஞ்செய்ய விரும்புவோர்க்குச் சட்டத்தால் தடையில்லை. பதிவை மறவாமை ஒன்றே வேண்டும். நாட்டுக்கல்லை வணங்கிய முன்னோரின் வழிவந்தோர் பதிவேட்டில் கையெழுத்திடத் தயங்குவது பொருந்தாது.

சென்ற ஐப்பசியில் எம் உறவினர் தோட்டமொன்றில் இவ்வாறு ஒரு மணம் நடைபெற்றது. அரிசி மாத்திரம் கடையில் வாங்கியது. காய்கறியும் தேங்காயும் வாழையிலையும் தோட்டத்தன. பந்தலை மணமகனின் தோழரும் பங்காளிகளும் போட்டனர். கீற்று முடையத் தெரிந்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவரே. இளைஞர் அவரிடம் கற்றனர். முதல்நாள் இரவு மழை பெய்து பந்தலின் ஒரு பக்கம் ஒழுகிற்று. கட்டுத்தரையில் பாய் விரித்தனர். மங்கல வாழ்த்துப் பாட ஒரு முதியவரைத் தேடிப் பிடித்திருந்தனர். அவர் கணீரென்று பாடினார். இளைஞர் அதனை ஒலிப்பதிவு செய்துகொண்டனர்.

பாட்டு முடிந்து பந்தி தொடங்குங்கால், மணமகளின் பாட்டியார் எழுந்து வந்து அம்முதியவரின் கைபற்றி, ‘நீங்க மொதல்ல உக்காருங்க சாமி’ என்று முதற்பந்தியின் முதலிலையில் அமர்த்தினார். அப்பாட்டியார் கணவனை இழந்து முப்பதாண்டு ஆனவர். சற்றுமுன் மணமக்கள் மீது முதல் அரிசி தூவியவரும் அவரே. அருமைக்காரர்தாம் அவர் கையில் அரிசியைக் கொடுத்தவர். பந்தியில் இருந்தோருள் இருவர் இலையை விட்டு எழுந்து சென்றனர். அவரைத் தடுத்தாருமில்லை, இகழ்ந்தாருமில்லை. வேறு இருவர் வந்து அவ்விலைகளில் அமர்ந்தனர். முதியவர் சிறிது நேரம் இலையைப் பார்த்தவாறே இருந்தார், பின்னர் உண்டார்.

அன்பர்களே, யாம் கூற விழைந்தது இவ்வளவே. தோட்டத்து மணத்தை மீட்க விரும்புவோர் ஓலைப்பந்தலையும் வண்டிமாட்டையும் காட்சிக்காக நிறுத்தினால், மண்டபத்தை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தவராவரேயன்றி வேறாகார். மீட்க வேண்டுவது, பலர் கை கூடி ஒரு மணத்தை ஆக்கும் முறை. இல்லறம் நடத்திய பெரியோர் வாழ்த்தும் முறையைக் காப்போம். வாழ்த்தும் உரிமையைக் கைம்மையின் பேரால் மறுத்த குறையைக் களைவோம். மங்கல வாழ்த்தைக் காத்துத் தந்தவரைப் பாடச்சொல்லிப் பின் புறத்தே நிறுத்தாமல், நம்மருகே அமர்த்துவோம். அப்பாட்டை அறிந்த முதியோர் அருகிவருகின்றனர். அவரவர் ஊரில் அத்தகையார் உளரேல், அவர் இசைவு பெற்றுப் பாட்டைப் பதிந்து வைத்தல் இவ்வாண்டிலேயே செய்யத்தக்க பணி.

அடுத்த ஐப்பசி வருமுன் கீற்று முடையக் கற்றுக்கொள்வதும் நன்று. மழை வரும், வரவேண்டும் என்பதே நம் வேண்டுதலும்.